சுவருக்குள் போனதால் பிழைத்த கற்கள்

இத்தாலியின் பீசா பேராலயச் சுவரில் தலைகீழாக இருக்கும் ரோமானியக் கல்வெட்டின் படத்தைப் போட்டேன். அதற்குக் கீழே நடந்ததை நேற்று எல்லோரும் பார்த்தீர்கள். பழைய கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டியவர்களை "எழுத்தறிவில்லாத காட்டுமிராண்டிகள்" என்று ஒருவர் எழுத, பலர் ஆமாம் போட்டார்கள். மனசு ஆறவில்லை.

சுவரில் வைத்ததால்தான் அந்தக் கல் இன்று இருக்கிறது. இல்லாவிட்டால் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருக்கும். ரோம் நகரத்துப் பளிங்கு எவ்வளவோ அப்படித்தான் வெந்து சுண்ணாம்பானது.

ரோமானிய ஆட்சியை எதிர்த்து அரசி பூடிக்கா நடத்திய கிளர்ச்சிக்குப் பின் பிரிட்டனுக்கு ரோமின் நிதி அதிகாரியாக வந்த கிளாசிகியானுஸின் கல்லறைத் துண்டு ஒன்று 1852-இல் லண்டன் மதில் கொத்தளத்தில் கிடைத்தது. அது அவருடையதுதானா என்று அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். 1935-இல் அங்கேயே, பதவியைச் சொல்லும் இன்னொரு துண்டு கிடைத்தது. சந்தேகம் தீர்ந்தது. இரண்டையும் காப்பாற்றியது அந்தக் கொத்தளம். அதைக் கட்டியவர்களும் ரோமானியர்களே! தங்கள் ஊர்க் கல்லறைகளைத் தாங்களே பெயர்த்துக் கட்டினார்கள். அவர்களும் காட்டுமிராண்டிகளா?

வடக்கு இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது ஹெக்ஸாம் மடாலயத்துக்குப் போனேன். 7-ஆம் நூற்றாண்டில் பிஷப் வில்ஃப்ரிட் கட்டிய நிலவறை முழுக்க ரோமானியக் கற்கள். ரோமானியப் பேரரசர் செவெரஸையும் அவர் மகன்களையும் சொல்லும் கல்வெட்டு ஒன்றில் இளையவன் கேட்டாவின் பெயர் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. சுரண்டியது வில்ஃப்ரிடின் ஆட்கள் இல்லை. தம்பியைக் கொன்ற மூத்தவன் கரகல்லாவின் ஆணை அது. எழுத்தை அழித்தது அரண்மனை, மிச்சத்தைக் காப்பாற்றியது நிலவறை.

கல்லறையைப் பெயர்ப்பது பாவமில்லையா என்று ஒரு தோழி கேட்டார். பாவம்தான், மறுக்கவில்லை. கி.பி. 349-லேயே அதற்கு அபராதம் போட்டு ரோமானியச் சட்டம் வந்தது. ஆனால் பெயர்த்த பிறகு சுட்டுப் பொடியாக்குவதும் சுவரில் வைப்பதும் ஒன்றாகிவிடுமா? "பிடுங்கி அருங்காட்சியகத்தில் வையுங்கள்" என்பவருக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. 1063-இல் தொடங்கிய பேராலயத்தின் சுவரைக் குடைந்தால் அது மட்டும் நாசம் இல்லையா?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் அப்பா கொத்தனார். கல்லை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்து, எந்த முகம் வெளியே வர வேண்டும், எது படிந்து உட்காரும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கலவையைத் தொடுவார். பீசாவில் அந்தக் கல்லை வைத்தவரும் அப்படித்தான் புரட்டிப் பார்த்திருப்பார். எழுத்துள்ள முகத்தை உள்பக்கம் திருப்பியிருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. வெளியே தெரிய வைத்திருக்கிறார் ஐயா!

ஆண்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கட்டியவர்களைக் காட்டுமிராண்டி என்று இனி என் பக்கத்தில் எழுதாதீர்கள். எழுதினால் நீக்கிவிடுவேன்.