ஷீட் முடிந்தது, வரைபடம் முடியவில்லை

எந்த இடத்தில் என்ன பாறை என்று காட்டும் இந்தியாவின் நிலவியல் வரைபடம் ஏறக்குறைய முழுசாக வரைந்தாகிவிட்டது, இனி கனிமம் தேடுவதுதான் பாக்கி என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நிலவியல் படித்தவன் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முடிந்தது என்பதில் பொய் இல்லை. 1851-ல் தாமஸ் ஓல்டாம் தலைமையில், முக்கியமாக நிலக்கரி தேடுவதற்காகத் தொடங்கப்பட்டது ஜிஎஸ்ஐ, அதாவது இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம். காடு, மலை, பாலைவனம் என்று நடந்தே பார்த்து, 1:50,000 அளவில், அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர் என்றால் தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில், நாட்டின் மிகப் பெரும்பகுதியை வரைந்து முடித்திருக்கிறார்கள். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவரும் ஜிஎஸ்ஐ ஆள்தான். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைந்த தாள்களில் (ஷீட்டுகளில்) பக்கத்துப் பக்கத்து ஷீட் இரண்டை எடுத்து மேஜையில் ஒட்டி வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் ஒரு ஷீட்டுக்குள் 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் அடங்கும். இரண்டையும் வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், சில சமயம் நடுவில் இருபது முப்பது வருட இடைவெளி. இந்தப் பக்கம் சார்னோகைட் (ஒரு வகைக் கெட்டிப் பாறை) என்று கலர் அடித்த பட்டை ஓரத்தைத் தாண்டியதும் வேறு பெயரில் தொடரும், அல்லது கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும், அல்லது காணாமலே போகும். யாரும் சோம்பேறித்தனமாக வேலை பார்த்ததால் வந்ததில்லை இது. கிருஷ்ணகிரியில் இருந்து தெற்கே வந்தால் நைஸ் என்ற வரிவரியான பாறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சார்னோகைட்டாக மாறுகிறது, எந்த இடத்தில் கோடு போடுவது என்பது அன்றைக்கு ஃபீல்டில் நிற்பவரின் முடிவு. போதாததற்குப் பழைய டோப்போஷீட்டுகள் (மேடு பள்ளம், ஊர், ஓடை காட்டும் அடிப்படை வரைபடங்கள்) எவரெஸ்ட் டேட்டத்தில், இப்போதைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-ல்; டேட்டம் என்றால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை. கவனிக்காமல் கணினியில் ஏற்றினால் கோடு மொத்தமும் நகர்ந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், தேசிய அளவில் மேப்பிங் திட்டம் போடுவது என்றால் எத்தனை சதுர கிலோமீட்டர் முடித்தோம் என்று எண்ணுவதற்கு முன்னால், எல்லாரும் ஒரே லெஜெண்டில் (எந்த நிறம் எந்தப் பாறை என்ற குறிப்புப் பட்டியலில்), ஒரே பெயரில், ஒரே மாதிரித் தரவு அட்டவணையில் வேலை செய்கிறோமா என்பதை முடிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் மத்திய நிலவியல் திட்ட வாரியம் கூடுகிறது, மாநில நிலவியல் துறைகளும் உட்காருகின்றன, ஒரே வேலையை இரண்டு பேர் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கேயும் கனிமம்தான் முன்வரிசையில் இருக்கிறது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1992-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். மத்திய ஆய்வு நிறுவனம் வரைவது ஒரு பிரிவு, மாநிலங்கள் வரைவது ஒரு பிரிவு, பல்கலைக்கழக மாணவர்கள் வரைவது ஒரு பிரிவு. மாநிலம் எவ்வளவு போடுகிறதோ அதற்குச் சமமாக மத்திய அரசு போடும், எந்தப் பகுதியை முதலில் வரைவது என்பதை மாநிலத்தில் உள்ள ஆலோசனைக் குழு சொல்லும், அந்தக் குழுவில் நிலவியலாளர்கள் மட்டுமின்றி வரைபடத்தைப் பயன்படுத்துகிறவர்களும் இருப்பார்கள். இதற்கெல்லாம் முன்பே கென்டக்கி மாநிலம் 1960-ல் இருந்து 1978-க்குள் மத்திய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 707 ஷீட்டுகளை 1:24,000 அளவில் முடித்துவிட்டது. பின்னால் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு 2000-ல் வெளியிட்டதில், செலவைப் போலக் குறைந்தது 25 முதல் 39 மடங்கு பலன் என்று வந்தது. கனிமத்தை மனசில் வைத்துத் தொடங்கிய வரைபடத்தை, நிலத்தடி நீர், சாலை, குப்பைக் கிடங்கு என்று எல்லாவற்றுக்கும் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

நமக்கு ஏன் இது அவசரம் என்றால், மலைச்சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை. நிலச்சரிவு அபாய வரைபடத் திட்டத்தை ஜிஎஸ்ஐ 2014-லேயே தொடங்கி, நாட்டின் மலைப்பகுதிகளில் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் வரைந்திருக்கிறது, அதுவும் 1:50,000-ல். இந்த அளவில் 100 மீட்டர் நீளமுள்ள ஒரு சரிவு தாளில் வெறும் 2 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டை இங்கே கட்டலாமா என்று ஒரு பஞ்சாயத்துத் தலைவர் எப்படி முடிவு எடுப்பார்? குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் மாதிரி ஜனம் நெருக்கி வாழும் சரிவுகளுக்கு இதைவிடப் பல மடங்கு நுணுக்கமான படம் வேண்டும். எங்கே தாது கிடைக்கும் என்பதோடு எங்கே ஆள் இருக்கிறார்கள் என்பதும் முன்னுரிமைப் பட்டியலில் வர வேண்டும்.

ஆள் இல்லை என்பார்கள். ஆள் இருக்கிறார்கள். நிலவியல் முதுகலை படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் சுத்தியல், ப்ரண்டன் திசைகாட்டி, டோப்போஷீட்டோடு ஃபீல்டுக்குப் போகிறார்கள். சமவெளியில் பாறை வெளியே தெரியாது என்பதால் ஓடை ஓடையாக இறங்கி, வெட்டிய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, கரையில் கொட்டிய கல்லைப் புரட்டி, பாறை அடுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது (டிப்), எந்தத் திசையில் ஓடுகிறது (ஸ்ட்ரைக்) என்று அளந்து எழுதுகிறார்கள். வைவா முடிந்ததும் அந்த ரிப்போர்ட் துறை அலமாரிக்குப் போகிறது. அவ்வளவுதான். ஒரு சீனியர் மேற்பார்வையில் ஒரே படிவத்தில் நிரப்பச் சொல்லியிருந்தால் அது தேசிய வரைபடத்துக்குள் போயிருக்கும்.

அப்புறம் போர்வெல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு. எத்தனை அடியில் மண் தீர்ந்தது, எங்கே கெட்டிப் பாறை, எங்கே விரிசலில் தண்ணீர் என்பதை வெளியே வரும் தூளின் நிறத்தைப் பார்த்தே அந்தத் தம்பிகள் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கிணறு தோண்டினால் அந்த விவரத்தை அரசிடம் கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டின் நிலத்தில் முக்கால்வாசி கடினப் பாறைதான், இங்கே தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. 2023 டிசம்பரில் திறந்த தேசிய நிலவியல் தரவுக் களஞ்சியத்தில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கினால் என்ன?

நிலவியல் துறை ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. உங்கள் துறை அலமாரியில் மேப்பிங் ரிப்போர்ட்டுகள் இருந்தால் ஷீட் எண்ணும் வருடமும் மட்டும் கீழே எழுதுங்கள். மாணவர் பெயர் வேண்டாம். எந்தெந்த ஷீட்டில் எவ்வளவு கைவசம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, மாநிலத் துறைக்கு மனுவாகவே அனுப்பலாம் என்று இருக்கிறேன்.