அப்பாவின் ஃபோனில் கிடந்த மூன்று சலான்கள்

போன மாதம் அப்பாவின் ஸ்கூட்டரை விற்க வேண்டி வந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு தம்பிக்கு வண்டி பிடித்துப்போய், 5,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். வாரிசு சான்றிதழ் எல்லாம் எடுத்து, முதலில் அம்மா பெயருக்கு மாற்றலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால், "வண்டி பேர்ல மூணு சலான் நிக்குது, அதை முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். போக்குவரத்து அபராதத்துக்கு மெசேஜில் வருகிற சலான்தான்.

வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த அப்பாவின் பட்டன் ஃபோனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். லோன் விளம்பரம், ரீசார்ஜ் மெசேஜ்களுக்கு நடுவே அந்த மூன்றும் திறக்காமல் கிடந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா தமிழும் மலையாளமும் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. தேதியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை. ரோட்டோரம் வண்டியை விட்டுவிட்டு மாடிக்கு ஓடியவன் நான்தான்.

நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவையிலிருந்து 1,500. 2022 அக்டோபருக்கு முன்பு முதல் தடவைக்கு 100 ரூபாய்தான். நம்மில் பலர் இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறோம். எனக்கு மொத்தம் 3,500 ஆனது. முதல் மெசேஜை அன்றைக்கே பார்த்திருந்தால் 500 கட்டியிருப்பேன், அப்புறம் வண்டியை அங்கே விட்டிருக்கவும் மாட்டேன்.

பணத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். கட்டாமல் கிடந்ததில் இரண்டு சலான் கோர்ட்டுக்குப் போய்விட்டன. அதன் பிறகு வழக்கமான இணையப் பக்கத்தில் பணம் கட்ட முடியாது, ஆன்லைனில் நடக்கிற விர்ச்சுவல் கோர்ட்டின் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் வண்டியின் பேரில் இருந்த தடை உடனே நீங்கவில்லை. எல்லாம் முடிய பதினோரு நாள் ஆனது. அந்தத் தம்பி விடிகாலை நாலு மணிக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டியவர். பதினோரு நாளும் பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறார். "பரவாயில்ல அண்ணே" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"வண்டி விட இடம் எங்கே இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே கடைக்குப் போகிறவர் வண்டியை எங்கே விடுவார்? வடசேரியில்? இடம் ஒதுக்கச் சொல்லி மனு கொடுப்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் சலானைக் கிடப்பில் போட்டால், நமக்காக ஓரடி இடம்கூட வரப்போவதில்லை. தப்பாகப் போட்ட சலான் என்றால் மறுக்க வழி இருக்கிறது. வண்டி நின்ற இடத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மறுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வைத்தியத்துக்கும் வேலைக்கும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகாத வீடு நம் குமரி மாவட்டத்தில் குறைவு. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் போடுகின்றன. அதில் 25 பார்க்கிங்குக்கென்றே வைத்தவை. டிஎன் 74, டிஎன் 75 என்ற நம் ஊர் நம்பர் வண்டி என்று அங்கே விட்டுவிட மாட்டார்கள். இப்போது இரண்டு மாநிலக் கணக்கும் மத்திய அரசின் ஒரே பரிவாஹன் இணையதளத்தில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று, தொட்டால் ஃபோனில் ஆப் ஏற்றிவிடுகிற ஏபிகே ஃபைல் அனுப்பி வங்கிக் கணக்கையே காலி செய்கிற திருட்டுக் கும்பலும் இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிற அரசுத் தளத்தில் வண்டி எண்ணையும், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் போட்டு நீங்களே பாருங்கள்.

வண்டி வீட்டுப் பெரியவர் பெயரில் இருந்தால், இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவர் ஃபோனை வாங்கி மெசேஜ்களைப் பாருங்கள். ஆர்.சி.யில் பழைய ஃபோன் நம்பர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.