‘ஃபேன்கேர்ள்’: பாதி எனக்கு வாய்த்தது, பாதி எனக்கு ஒவ்வாதது

அண்ணன் மகளுக்கென்று கோவையில் வாங்கிய நாவலை, அவள் கையில் கொடுப்பதற்கு முன்பு நானே படித்து முடித்துவிட்டேன். சீசன் நெரிசலால் கோத்தகிரிக் கடைவீதிப் பக்கம் தலைகாட்ட முடியாத மே மாதம் அது. பிற்பகலானால் கோடைமழை வந்துவிடும், மழை வந்தால் மின்சாரம் போய்விடும், ஆகவே சன்னலோரம் உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. ரெயின்போ ரோவல் எழுதி 2013இல் வெளிவந்த ‘ஃபேன்கேர்ள்’ என்ற அந்த நாவலோடு அன்று தொடங்கிய வாக்குவாதம் மனத்துக்குள் இன்னும் ஓயவில்லை. நல்ல புத்தகம் என்று சொல்ல வாயெடுத்தால் உள்ளே ஒரு முணுமுணுப்பு எழுகிறது. குறை சொல்லத் தொடங்கினாலோ அதில் வரும் சாப்பாட்டுக்கூடம் நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிடுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓமஹா நகரைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் கேத்தும் ரென்னும் லிங்கனிலுள்ள பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறார்கள். கேத்தரின் என்று ஒரே ஒரு பெயரை மட்டும் யோசித்து வைத்திருந்த தாய், பிறந்தது இரண்டு என்றதும் அந்தப் பெயரையே இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதியாகச் சூட்டிவிட்டாள். அவர்களுக்கு எட்டு வயதாகும்போது வீட்டை விட்டும் போய்விட்டாள். விளம்பரத் துறையில் வேலை செய்யும் தந்தைக்கு மனநிலை திடீரென்று உச்சிக்கு ஏறிப் பிறகு பாதாளத்தில் விழுகிற நோய் இருக்கிறது. கல்லூரியிலாவது தனியாக இருந்து பார்க்கிறேன் என்று ரென் வேறு அறைக்குப் போய்விட, கேத் முன்பின் தெரியாத ஒருத்தியோடு தங்க நேர்கிறது. சைமன் ஸ்னோ என்ற மாயாஜாலக் கதைத்தொடர் ஒன்றை ரோவலே நாவலுக்குள் கற்பனை செய்து வைத்திருக்கிறார். அந்தத் தொடரின் பாத்திரங்களை வைத்து கேத் இணையத்தில் சொந்தமாக ஒரு நெடுங்கதை எழுதுகிறாள். அதை ஆயிரக்கணக்கானவர்கள் ஆவலோடு படிக்கிறார்கள். அந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அஞ்சாதவள், விடுதியின் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைய அஞ்சுகிறாள்.

இந்த இடத்தில்தான் ரோவல் என்னைப் பிடித்துக்கொண்டார். வந்த நாள் முதல் கேத் சாப்பிடப் போவதே இல்லை. புரோட்டீன் பார்களையும் பீநட் பட்டரையும் அறையிலேயே தின்று வாரக்கணக்கில் காலம் தள்ளுகிறாள். உள்ளே போனதும் வரிசை எங்கே தொடங்கும், எதை எடுக்கலாம், எடுத்துக்கொண்டு எங்கே உட்காருவது, தடுமாறி நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பவை அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி ஒருவரும் சொல்லித்தராத விதிகள்தான் புதிய இடத்தில் மிகக் கடினமானவை, அவற்றைக் கூகுளில் தேடியும் கண்டுபிடிக்க முடியாது என்று அவள் நினைக்கிறாள். பதற்றம் என்றால் மயங்கி விழுவதும் கைகால் நடுங்குவதுமாகவே கதைகளில் படித்துப் பழகிய எனக்கு, ஒரு தட்டை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வியில் அது ஒளிந்திருப்பதை ஒருவர் எழுதிக் காட்டியது ஆச்சரியமாக இருந்தது.

ஏனென்றால் அந்தத் தட்டு என்னுடையது. 2006இல் நான் கீழே படிக்கப் போனேன். மலையில் இருப்பவர்களுக்குக் கோவையும் ‘கீழே’தான், சென்னையும் ‘கீழே’தான். கோவையில் ஒரு பெண்கள் விடுதி. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் காது அடைத்துக்கொண்டதைப் போல மனமும் அடைத்துக்கொண்டது. காது மறுநாள் திறந்துவிட்டது. மெஸ்ஸில் தட்டு அங்கேயே அடுக்கி வைத்திருப்பார்களா, நாம்தான் கொண்டுபோக வேண்டுமா, டோக்கனை யாரிடம் கொடுப்பது, எந்த பெஞ்சில் சீனியர்கள் உட்காருவார்கள் என்று தெரியாமல் முதல் நாள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த இரண்டு பொட்டலம் வர்க்கி பெட்டியில் இருந்தது. பதினொரு நாட்கள் அதுதான் இரவுச் சாப்பாடு. காகிதம் சரசரக்கும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி வைத்துப் பிரிப்பேன். ஊரில் மொறுமொறுவென்று உடையும் வர்க்கி கீழ்நாட்டுப் புழுக்கத்தில் நமுத்துப்போய் ரப்பரைப் போல இழுக்கும். பன்னிரண்டாம் நாள், பக்கத்து அறையிலிருந்த பந்தலூர்ப் பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். “வர்க்கி வாசம் மூணு ரூம் தாண்டி வருது புள்ள. எந்திரி, தட்டை எடு” என்றாள். நாவலில் கேத்தின் அறைத்தோழி ரேகன் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். ஆறுதல் சொல்லாமல், அறிவுரை சொல்லாமல், கடுகடுவென்று பேசிக்கொண்டே இழுத்துப் போகிறாள். படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இதற்கு ஒரு பெயர் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ‘கூச்ச சுபாவம்’ என்பார் அப்பா. ‘நாலு பேரோட பழகினா சரியாயிடும்’ என்பாள் அம்மா. இன்று பிள்ளைகள் இயல்பாக ஆங்சைட்டி என்கிறார்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைத்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறது என்பது எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நல்ல மாற்றம்தான்.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன். அத்தனை நுட்பமாகத் தொடங்கிய பதற்றத்தை லீவை என்ற இளைஞன் வந்ததும் ரோவல் கைநழுவ விட்டுவிடுகிறார். லீவை நல்லவன்; கண்ணில் படும் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பவன்; இரவில் நூலகத்திலிருந்து கேத்தைப் பத்திரமாக அறைக்குக் கொண்டுவந்து விடுபவன். ஒரு விருந்தில் வேறொருத்தியை முத்தமிட்டு கேத்தின் மனத்தை உடைக்கவும் செய்கிறான், பிறகு மன்னிக்கப்படுகிறான். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை. பக்கங்கள் காதலால் நிரம்ப நிரம்ப, வாசலில் தயங்கி நின்ற அந்தப் பெண் எங்கே போனாள் என்று தேட வேண்டியிருக்கிறது என்பதுதான் என் புகார். காதல் வந்தால் படபடப்பு காதல் படபடப்பாக மாறிவிடும் என்று நம்பச் சொல்வது, கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்குத் தூரத்து உறவு போலத் தோன்றுகிறது.

ஆனால் லீவையை முழுவதும் தள்ளிவிடவும் முடியவில்லை. அச்சிட்ட பக்கத்தைப் படிப்பது அவனுக்குக் கடினம். காதால் கேட்டுத்தான் அவனால் கற்றுக்கொள்ள முடியும். கேத் அவனுக்கு ஒரு முழு நாவலை விடிய விடிய வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறாள். காதல் காட்சிகள் எல்லாவற்றையும்விட அந்த இரவுதான் எனக்குக் காதலாகத் தெரிந்தது. என் அப்பாவும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இலையை ஃபேக்டரியில் எடைபோட்டுவிட்டு வந்து, தேயிலைக் கறை ஏறிய விரல்களால் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி, பச்சைத் தேயிலை விலை போட்டிருக்கிறானா பார் என்பார். விலையில் தொடங்கி, வாரமலர் கதைவரைக்கும் நான் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். வாய்விட்டுப் படிப்பவளுக்குக் கூச்சம் இருப்பதில்லை. கேத்துக்கும் இருப்பதில்லை. ரோவல் இதைக் கண்டுகொண்டார் என்பதற்காகவே லீவைக்குப் பாதி மன்னிப்பு.

பெரிய மனத்தாங்கல் வேறு. புனைகதை எழுதும் வகுப்பில் கேத் தன் சைமன் ஸ்னோ கதையை ஒப்படைக்கிறாள். பேராசிரியர் பைப்பர் அதைத் திருட்டு என்கிறார். பிறர் படைத்த பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்து எழுதுவது சொந்த எழுத்து ஆகாது என்பது அவர் கட்சி. கேத் உடைந்து போகிறாள். இதைப் படிக்கிற தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரவேண்டும். வால்மீகியின் கதையை எடுத்துக்கொண்ட கம்பன், பாற்கடலைக் கண்ட பூனை அதை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டதைப் போல இந்த வேலையில் இறங்கிவிட்டேன் என்று அவையடக்கம் சொன்னானே தவிர, திருடிவிட்டேன் என்று சொல்லவில்லை. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள், அந்தக் கோபம் யாருடைய சொத்து? ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது மனநிறைவடையாத வாசகர்களுக்காகக் கல்கியே ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. பிறகு விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடுவது நமக்கு ஊர்வழக்கம்.

இவ்வளவு நியாயம் பேசும் எனக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பைப்பர் வாய்த்தார் என்பதுதான் வேடிக்கை. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் கடம்பூர் மணிமேகலையைக் கல்கி சாகவிட்டதை நான் பதினான்கு வயதிலிருந்து ஒத்துக்கொண்டதே இல்லை. ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் அவளைப் பிழைக்க வைத்து, அரண்மனை அலுத்து இறங்கிவந்த பூங்குழலியிடம் கோடிக்கரையில் படகோட்டக் கற்றுக்கொள்ள வைத்திருந்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு அதில் ஒரு பகுதியைப் படியெடுத்துக் கொடுத்தேன். பொறுப்பாசிரியை எல்லோர் முன்னிலையிலும், “கல்கி சமைச்ச சோத்துல நீ ஊறுகாய் வெச்சா அது உன் சமையலா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அதன்பிறகு மணிமேகலையின் படகு கரையைவிட்டு நகரவில்லை. பையன்களின் ரசிகத்தனத்துக்குத் தெருவும் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் உண்டு. பெண்பிள்ளைகளின் ரசிகத்தனம் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒளிந்து வாழ்ந்தது, அங்கேயும் பிடிபட்டால் ஊறுகாய் ஆகிவிடும்.

ஆகவே ரோவல் கேத்தின் பக்கம் முழுமையாக நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாதிதான் நிற்கிறார். கேத் தன் சைமன் கதையையும் முடிக்கிறாள், உண்மைதான். ஆனாலும் கடைசியில் பைப்பருக்காகத் தன் தாய் விட்டுச்சென்றதைப் பற்றி ஒரு சொந்தக் கதை எழுதி, அது கல்லூரி இதழில் அச்சேறும்போதுதான் அவள் எழுத்தாளர் ஆனதாக நாவல் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. ரசிகையாக எழுதியது பயிற்சி, இதுதான் தேர்வு என்ற தொனி அதில் இருக்கிறது. இரண்டாண்டு கழித்து, 2015இல், ரோவல் அந்தச் சைமன் ஸ்னோவையே நாயகனாக்கி ‘கேரி ஆன்’ என்று தனி நாவல் எழுதினார். கேத்துக்குக் கொடுக்கத் தயங்கிய மரியாதையைத் தான் மட்டும் எடுத்துக்கொண்டாரோ என்று எனக்கு ஒரு குறும்பு எண்ணம். பைப்பர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது: வீட்டில் நடந்ததை எழுதப் பயந்துதான் கேத் சைமனுக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள், அதை அந்த அம்மையார் மோப்பம் பிடித்துவிட்டார். என் மணிமேகலையும் அப்படி ஒரு ஒளிவிடமாக இருந்திருக்கலாம். இருந்தால் என்ன?

அத்தியாயங்களுக்கு இடையே வரும் சைமன் ஸ்னோ பகுதிகள் எனக்கு அலுப்பூட்டின. பாதிக்கு மேல் தாண்டிவிட்டேன். ரென் குடித்து மருத்துவமனை வரை போவது அவசரமாகச் சொல்லி முடிக்கப்பட்டிருக்கிறது. தந்தையின் பகுதி மட்டும் குறைசொல்ல முடியாதது. அவர் நோயைப் பயங்கரமாகவும் காட்டாமல், வேடிக்கையாகவும் ஆக்காமல், மகளுக்குப் பாரம் ஏற்றிய குற்றவுணர்வோடு அவரே அவளைக் கல்லூரிக்குத் திரும்பிப் போகச் சொல்லி வாதாடும் இடம் நெடுநாள் நிற்கும்.

ஜூலையில் அண்ணன் மகள் கீழே போனபோது புத்தகத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். கூடவே வர்க்கி இரண்டு பொட்டலம், அது அண்ணியின் ஏற்பாடு. மூன்றாம் நாள் தொலைபேசியில், சாப்பிட்டாயா என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “மெஸ்லதான் அத்தை. சாம்பார் கேவலம்” என்றாள். கொரியப் பாட்டுக்குழு ஒன்றுக்கு அவள் ரசிகை. அந்தக் குழுவின் ரசிகைகளுக்கான வாட்ஸ்அப் கூட்டத்தில் விசாரித்து, அதே விடுதியில் ஒரு சீனியரைப் பயணத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாளாம். தட்டு எங்கே, டோக்கன் எங்கே, எந்த பெஞ்சில் உட்காரக்கூடாது என்பதெல்லாம் குரல்செய்தியாக வந்துவிட்டதாம். லீவையைப் பற்றிய என் குறையைச் சொன்னேன். அவளுக்கு லீவையை ரொம்பப் பிடித்துவிட்டது. உங்களுக்கு வயசாயிடுச்சு அத்தை என்றாள். புத்தகத்தைத் தீபாவளிக்கு எடுத்து வருவதாகச் சொன்னவள் வெறுங்கையோடு வந்தாள். அது மூன்றாவது அறைக்குப் போயிருக்கிறதாம்.