மேச்சேரி இன செம்மறி ஆட்டுக்கும் புழு வரும்ங்கண்ணா

"மேச்சேரி ஆடு வாங்குனா குடல்புழுவே வராது, மருந்தே வேண்டாம்"னு மேல போட்டிருக்கீங்களேண்ணா, அது தப்புங்க. எதிர்ப்பு சக்தின்னா புழு ஏறவே ஏறாதுன்னு இல்ல, ஏறுனத உடம்பு அடக்கி வெக்கும், புழுக்கைல முட்டை கம்மியா போகும், அவ்ளோதான். அதுவும் ஒரே மந்தைக்குள்ளயே ஆட்டுக்கு ஆடு மாறும், அதனாலதான் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல புழுக்கை எடுத்து முட்டை எண்ணி, கம்மியா இருக்கற கிடாவ பொலிகிடாவா நிறுத்துறாங்க, ஆனா அந்த வித்தியாசத்துல சுமாரா கால்வாசிதான் பரம்பரை, மீதி தீனி, வயசு, மேய்ச்சல் காடுன்னு போயிடும், அப்ப நாலஞ்சு தலைமுறை பொறுமையா கழிச்சாத்தான் மந்தை மாறும். ரத்தம் குடிக்கிற ஹீமாங்கஸ் ஒரு பொட்டைப்புழுவே தினம் ஆயிரக்கணக்குல முட்டை போடுது (குடல்புழுன்னு சொல்றோம், அது இருக்கறது நாலாவது வயித்துலங்க). ஐப்பசி மழை முடிஞ்சா கண் கீழ்இமைய இழுத்துப் பாருங்க, வெளுத்திருந்தா புழு ரத்தத்த குடிச்சு ரத்தம் கொறஞ்சிருக்கலாம், மேச்சேரியோ எதுவோ, டாக்டர கேட்டு மருந்து ஊத்துங்க.