சும்மனாச்சுக்கும் முயல்

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடு உட்கார்ந்து ஒரு குட்டிப் புத்தகம் படித்தேன். பக்கத்துக்கு இரண்டே வரி, மீதியெல்லாம் படம். ஓர் ஆமைக்கு முயலாக ஆசை. நீளமாக இரண்டு இலைகளைத் தலையில் கட்டிக்கொண்டு முயல் கூட்டத்தில் போய் நிற்கிறது. ஓட முடியவில்லை, இலை நழுவுகிறது, குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. 'நீ ஆமையாகவே இரு, அதுதான் எங்களுக்குப் பிடிக்கும்' என்கின்றன முயல்கள். சுபம்.

இந்த வகைக் கதைகளோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. நடித்தால் தப்பு, மாட்டிக்கொள்வாய் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இது புதுசும் இல்லை. சாயத் தொட்டியில் விழுந்து நீலமான பஞ்சதந்திர நரி, ராஜாவாகி, கடைசியில் ஊளையிட்டு மாட்டிக்கொண்டது. மூதுரையில், கான மயில் ஆடுவதைப் பார்த்த வான்கோழி தானும் 'பொல்லாச் சிறகை' விரித்து ஆடியதற்கு இன்றுவரை பேச்சு வாங்குகிறது. பாவம், அதற்கு ஆட ஆசை வந்தது, ஆடியது. யாருக்கு என்ன நஷ்டம்?

நரி கதை வேறு. அது மற்ற மிருகங்களை ஏய்த்து அதிகாரம் பண்ணியது. ஆமை யாரை ஏய்த்தது? அதற்கு முயல்களோடு சேர வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் போடுவது அநியாயம். அப்படிப் பார்த்தால் உப்புக்கொத்தியும் குற்றவாளிதான். தரையில் முட்டையிடும் அந்தச் சின்னப் பறவை, எதிரி நெருங்கினால் இறக்கை ஒடிந்ததுபோல் தத்தித் தத்தி நடித்து, எதிரியைக் கூட்டைவிட்டுத் தள்ளி இழுத்துப்போகும். பிறகு ஜம்மென்று பறந்துவிடும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆமையாக இருப்பது ஆமைக்குப் பிடித்திருக்கிறதா என்று அந்தப் புத்தகத்தில் யாருமே கேட்கவில்லை. முயல்கள் சம்மதம் கொடுத்ததும் கதை முடிந்துவிடுகிறது. இதற்குப் பெயர் தன்னை ஏற்றுக்கொள்வதா?

சரி, படித்த கதைக்கு வருகிறேன். விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தித்தான் படித்தாள். புத்தகத்தில் 'நடித்தது' என்று இருக்கும், அவள் வாயில் 'நடிச்சுது' என்று வரும். திருத்தவில்லை. பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குத் தாண்டுவதே அந்த வயதில் பெரிய வேலை. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'தன்னம்பிக்கை'. மூன்று மெய்யெழுத்து நடுவில் முட்டுக்கட்டை போட்ட சொல். 'தன்' என்றாள், 'தன்னம்' என்றாள், புத்தகத்தை மூடிவிட்டாள். மொத்தப் புத்தகத்திலும் அவளால் படிக்க முடியாத ஒரே சொல் அதன் நீதிதான்!

அப்புறம் அவளாகவே இலைக் காது வரும் பக்கத்தைத் திறந்து மூன்று தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சிரிப்பு.

மறுநாள் சாயங்காலம் முதுகில் பள்ளிப் பை, தலை பேண்டில் செருகிய இரண்டு ஸ்கேல்களோடு கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"முயலா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, நான் ஆமை. சும்மனாச்சுக்கும் முயல்."