தீக்காப்புறுதி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

"எங்க வீட்டுக்குத்தான் ஃபயர் இன்சூரன்ஸ் இருக்கே!" வீட்டுக் காப்புறுதிப் பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் சொல்லும் முதல் பதில் இதுதான். இருக்கிறது, சரி. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் வாங்கியவர்கள் கடன் தீரும்வரை கட்டாயம் எடுக்க வேண்டியது அது. 5 ஆண்டுக்கும் சேர்த்துச் சில வெள்ளிதான். ஆனால் அது எதற்கு என்று படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வீவக கட்டிக்கொடுத்த சுவர், தரை, கதவு போன்றவற்றைப் பழையபடி சீர்செய்ய மட்டுமே அந்தப் பணம். நீங்கள் ரெனவேஷனில் போட்ட கேபினட், வாங்கி வைத்த சோஃபா, ஃப்ரிட்ஜ், துணிமணி எதற்கும் ஒரு காசு வராது. மசேநி (மத்திய சேம நிதி) மூலம் கட்டுகிற இல்லப் பாதுகாப்புத் திட்டத்தையும் சிலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வீட்டுக்காரர் இறந்துவிட்டால், நிரந்தரமாக முடங்கிவிட்டால் வீட்டுக் கடனை அடைப்பதற்கு.

ஆகவே பொருள்களுக்குத் தனியாக எடுக்கத்தான் வேண்டும். எவ்வளவுக்கு? நாலறை வீடா, ஐந்தறை வீடா என்று கேட்டுக் காப்புறுதி நிறுவனத்தார் ஒரு தொகையைக் காட்டுவார்கள். அதை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை அறையாகப் போய் எழுதுங்கள். பட்டுப் புடவைகளை மட்டும் எடுத்துக் கட்டிலில் அடுக்கி, இன்று தேக்காவில் வாங்கினால் என்ன விலை என்று போட்டுப் பாருங்கள், மலைத்துப் போவீர்கள். கிரைண்டர், டிவி, பிள்ளைகளின் லேப்டாப், பூஜை அறை வெள்ளிச் சாமான் எல்லாம் அதற்கு மேலே. ரெனவேஷன் செலவைத் தனிக் கணக்காக வையுங்கள், பாலிசியிலும் அது பெரும்பாலும் தனித் தொகைதான்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்துப் போடுவது பெரிய ஆபத்து. பல பாலிசிகளில் விகிதக் கழிவு விதி உண்டு, அதாவது எவ்வளவு குறைத்து எடுத்தீர்களோ அதே விகிதத்தில் இழப்பீடும் குறையும். 60,000 வெள்ளிப் பொருளுக்கு 30,000 வெள்ளிக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 10,000 வெள்ளி சேதமானால் கைக்கு வருவது 5,000. "30,000-க்குள்தானே இருக்கு" என்று வாதாடிப் பயனில்லை. இந்த விதி இல்லாத பாலிசிகளும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். அதற்காக ஒரேயடியாகக் கூட்டிப் போடுவதும் வீண். இழந்ததற்கு மேல் யாரும் தரமாட்டார்கள்.

நகை விஷயத்தில்தான் நம் வீடுகள் அதிகம் ஏமாறுகின்றன. மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நகைக்குத் தனி வரம்பு, ஒரு நகைக்கு இவ்வளவுதான் என்று இன்னொரு வரம்பு. திருட்டு என்றால் பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள். ஆரமும் ஒட்டியாணமும் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனியே பட்டியலிட்டுச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், இல்லையென்றால் வங்கி லாக்கரில் வையுங்கள். ரசீதையும் படத்தையும் வீட்டுக்கு வெளியிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

வாடகைக்கு இருக்கும் தம்பி தங்கைகளே, வீட்டு ஓனரின் காப்புறுதி உங்கள் பெட்டி படுக்கைக்கு வராது. பொருளுக்கு மட்டும் எடுத்தால் போதும், ஆனால் உங்கள் கவனக்குறைவால் அடுத்தவர் வீட்டுக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.