டிரெஸ்டன் ஆர்கனுக்குப் பழைய குரலையும் கொடுத்திருக்க வேண்டும்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உள்ள ஃப்ரௌவன்கிர்கே தேவாலயத்தைத் திரும்பக் கட்டிய கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றித்தான் சொல்கிறார்கள். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் எரிந்து, 15-ஆம் தேதி காலை கல் குவிமாடம் சரிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனி காலம் முழுக்க அது ஒரு கற்குவியல். அப்புறம் அந்தக் குவியலிலிருந்து எடுத்த கற்களை அளந்து, பழைய இடம் தெரிந்தவற்றை அதே இடத்தில் பொருத்தி, 2005 அக்டோபரில் திறந்தார்கள். கறுத்த பழைய கல்லும் வெளிறிய புதுக் கல்லும் கலந்து நிற்கும் அந்தச் சுவரை நானும் கொண்டாடுகிறேன். என் மனத்தாங்கல் எல்லாம் உள்ளே, பீடத்துக்கு மேலே இருக்கும் பைப் ஆர்கனை, அதாவது குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய வாத்தியத்தைப் பற்றியது.

அங்கே முதலில் இருந்தது 18-ஆம் நூற்றாண்டு ஆர்கன் கலைஞர் காட்ஃப்ரீட் சில்பர்மான் செய்தது. மூன்று விசைப்பலகைகள், 43 ஸ்டாப்புகள் (ஒவ்வொரு ஸ்டாப்பும் தனி ஒலி தரும் ஒரு குழல் வரிசை). 1736 நவம்பரில் அர்ப்பணித்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி நேரம் அதை வாசித்தவர் யோகான் செபாஸ்தியான் பாக். அரசவை இசையமைப்பாளர் என்ற பட்டம் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. இசை உலகில் இதைவிடப் பெரிய முகவரி வேண்டுமா?

இன்று அங்கே இருப்பது ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த டேனியல் கெர்ன் நிறுவனத்தின் ஆர்கன். முகப்பைப் பார்த்தால் 18-ஆம் நூற்றாண்டு. உள்ளே நான்கு விசைப்பலகைகள். சில்பர்மானின் ஸ்டாப்புகளைப் பின்பற்றியதோடு, 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசைக்காக ஒரு பகுதியைக் கதவுகள் கொண்ட பெட்டிக்குள் வைத்து, அவற்றைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் செய்திருக்கிறார்கள். அருமையான வாத்தியம், சந்தேகமே இல்லை. ஆனால் பாக் வாசித்த ஆர்கனில் இந்தப் பெட்டி கிடையாது.

சில்பர்மான் ஆர்கனை அப்படியே திரும்பச் செய்வதா, புதிதாக ஒன்று செய்வதா என்று கட்டும்போதே ஜெர்மனியில் பெரிய சண்டை நடந்தது. கெர்ன் பக்கம் நின்றவர்களின் வாதங்களை நான் தள்ளிவிடவில்லை. அது அருங்காட்சியகம் இல்லை, வழிபாடும் கச்சேரியும் நடக்கிற இடம், எல்லாக் காலத்து இசையும் வேண்டும் என்றார்கள். சரி. ஆனால் அதே ஊரில் கிராய்ட்ஸ்கிர்கே தேவாலயத்தில் 1963-இல் செய்த பெரிய ஆர்கன் அதற்கு இருக்கிறதே! 1945-இல் எரிந்தது சில்பர்மான் விட்டுப்போன வடிவத்தில் இல்லை, 20-ஆம் நூற்றாண்டில் மாற்றிப் பெரிதாக்கியது என்ற வாதமும் உண்டு. சுவரையும் குவிமாட ஓவியங்களையும் 18-ஆம் நூற்றாண்டு அளவுகோலில் செய்தவர்கள் ஆர்கனுக்கு மட்டும் ஏன் வேறு கோலை எடுத்தார்கள்?

என்னைக் கொஞ்சம் அசைப்பது மூன்றாவது வாதம்தான். சில்பர்மான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஹோஃப்கிர்கே பேராலயம் இருக்கிறது. அவருடைய கடைசி ஆர்கன் அது. 1944-லேயே குழல்களைக் கழற்றி ஒரு மடத்துக்கு அனுப்பிவிட்டதால் தப்பியது. உண்மைதான். ஆனாலும் ஆர்கன் என்பது எங்கே தூக்கி வைத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கிற கருவி இல்லை. குழலின் வெள்ளீயக் கலவை, துருத்தியிலிருந்து வரும் காற்றின் அழுத்தம், காற்று ஒலியாகும் குழல் வாயை எவ்வளவு திறந்து வெட்டியிருக்கிறார்கள் என்பது, எல்லாவற்றையும் அந்தந்தக் கட்டடத்தின் எதிரொலியைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். கட்டடக் கலைஞர் கெயோர்க் பேர் (Bähr) வடிவமைத்த அந்தக் குவிமாடத்துக்குக் கீழே சில்பர்மானின் குழல் எப்படிப் பாடியது என்பதை ஹோஃப்கிர்கே எப்படிச் சொல்லும்?

தெரிந்துகொள்ள வழி இல்லாமலும் இல்லை. அவர் செய்ததாக அறியப்படும் ஏறத்தாழ 50 ஆர்கன்களில் முப்பது வரை இன்றும் இருக்கின்றன. அளக்கவும் உலோகத்தைச் சோதிக்கவும் மாதிரிகள் பக்கத்து ஊர்களிலேயே இருந்தன. கல்லுக்குக் காட்டிய பிடிவாதத்தில் பாதியை ஆர்கனுக்குக் காட்டியிருந்தாலும் போதும், நடந்திருக்கும்.

ஃப்ரைபெர்க் பேராலயத்தில் 1714-இல் அவர் முடித்த ஆர்கன் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. நல்ல ஹெட்போன் போட்டு, பாக்கின் ஒரே படைப்பை முதலில் அதிலும் பிறகு கெர்ன் ஆர்கனிலும் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு நான் சொல்வது தவறு என்று தோன்றினால், கமெண்டில் வந்து சண்டை போடுங்கள்.